நாடகம் எழுதியவரையும் இயக்கியவரையும் மேடையில் பேச வைப்பது எப்படி: வட சென்னையில் கூட்டம் நடத்துவோருக்குச் சில வழிமுறைகள்

ஒரு நாடகத்தை எழுதியவரும் அதை மேடையேற்றிய இயக்குநரும் பார்வையாளர் முன்னிலையில் அமர்ந்து, அந்த நாடகம் உருவான விதத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்தை நடத்துவது பார்ப்பதற்கு எளிய வேலையாகத் தெரியும். நான்கு நாற்காலி, இரண்டு மைக், ஒரு பேனர் இருந்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நம் பக்கத்துக் கூட்டங்களில் பெரும்பாலானவை பாராட்டு விழாக்களாகவே முடிகின்றன. வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து, அழைக்கப்பட்ட படைப்பாளி ஏற்புரைக்கு எழும்போது மணி எட்டரை ஆகியிருக்கும். பின்வரிசையினர் பேருந்தை நினைத்துக் கிளம்பத் தொடங்கியிருப்பார்கள். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலும், பெரம்பூர், வியாசர்பாடி சுற்றுவட்டாரத்திலும் சிறிய அரங்குகளில் இத்தகைய கூட்டம் நடத்த விரும்புவோருக்காக எழுதப்படும் இந்தக் குறிப்புகளுக்கு அடிப்படை ஒன்றே: மேடையில் நாடகத்தின் வேலை பேசப்பட வேண்டும், அதற்கு உதவாத ஏற்பாடு எதுவாயினும், எவ்வளவு வழக்கமானதாயினும், நீக்கப்பட வேண்டும்.

பார்வையாளருக்குப் புரியுமா என்ற தயக்கத்தோடு எதையும் எளிமைப்படுத்தத் தேவையில்லை. நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய நகரம் இது. வால்டாக்ஸ் சாலையின் ஒத்தவாடைக் கொட்டகையில் பெரிய நாடகக் கம்பெனிகள் இரவிரவாக நாடகம் நடத்தியிருக்கின்றன. பெரம்பூர்ப் பக்கம் ஆலைத் தொழிலாளர்கள் கூடிய வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை, சமயச் சொற்பொழிவுக்காக நடத்தப்பட்டதுதான், அங்கே திரு.வி.க. பேசிய கூட்டங்களின் தொடர்ச்சியாகவே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பேச்சைக் கேட்கவும் கேட்டதற்கு எதிர்க்கேள்வி போடவும் பழகிய மக்கள் இவர்கள். தேர்த்திருவிழாவில் கூத்துப் பார்த்தவரும், தேவாலயத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்தில் வேடமிட்டவரும் இந்தத் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள்.

முதல் வேலை கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. "எழுத்தாளருடன் ஒரு மாலை", "இயக்குநருடன் சந்திப்பு" போன்ற தலைப்புகள் யாரையும் எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே பேச்சு பிறந்த ஊரில் தொடங்கி வாங்கிய விருதில் முடிந்துவிடும். மாறாக, பிரதியில் (எழுதப்பட்ட நாடகத்தில்) இருந்து மேடைக்கு வரும் வழியில் எந்தக் காட்சி வெட்டப்பட்டது, ஏன், யார் சொல்லி வெட்டப்பட்டது என்று கேட்டால், எழுதியவரும் இயக்கியவரும் தங்கள் வேலையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். இருபது பாத்திரங்களை ஐந்து நடிகர்கள் ஏற்றது எப்படி, வெள்ளத்தையோ தீயையோ வெறும் மேடையில் காட்டியது எப்படி, ஒத்திகையில் முடிவு மாறியது ஏன் என்பனவும் நல்ல கேள்விகளே. வட சென்னை அரங்குக்கு மிகப் பொருத்தமானது இன்னொன்று: இந்தப் பகுதியின் பேச்சைப் பிரதியில் எப்படி எழுதினார்கள், வேறு ஊர்களில் இருந்து வந்த நடிகர்கள் அதைக் கேலிச்சித்திரம் ஆக்காமல் பேசப் பழகியது எப்படி? இதற்கான பதில் மேடையிலிருந்து மட்டும் வராது, இருக்கைகளிலிருந்தும் வரும். எந்தக் கேள்வியைத் தேர்ந்தாலும் அதையே அழைப்பிதழின் தலைப்பாக அச்சிட்டுவிடுவது நல்லது.

யாரை அழைப்பது என்பது கேள்வியைப் பொறுத்தது. எழுத்தாளரும் இயக்குநரும் சேர்ந்து வந்தால் பேச்சு தானாகச் சூடு பிடிக்கும்; ஒருவர் நினைத்ததை மற்றவர் வேறாகச் செய்திருப்பார். இருவரும் ஒருவரே என்றால் (பம்மல் சம்பந்த முதலியார் தம் நாடகங்களைத் தாமே எழுதி, பயிற்றுவித்து, நடிக்கவும் செய்தார்) அந்த நாடகத்தின் நடிகரையோ ஒளியமைப்பாளரையோ உடன் அமர்த்த வேண்டும், இல்லையேல் உரையாடல் தனியுரை ஆகிவிடும். எழுதியவர் உயிரோடு இல்லாத நாடகம் என்றால், இயக்குநருடன் அந்தப் பிரதியை நன்கு கற்ற ஒருவரை அமர்த்தலாம். மூன்று பேருக்கு மேல் மேடையில் வேண்டாம்.

அழைக்கும்போது தொலைபேசியில் பேசிய அன்றே எழுத்திலும் அனுப்பிவிட வேண்டும். நாள், நேரம், அரங்கம் இருக்கும் இடம், உடன் பேசுபவர் யார், எந்தக் கேள்வி, எவ்வளவு நேரம், காணொலிப் பதிவு உண்டா, மதிப்பூதியம் எவ்வளவு, பயணச் செலவு யாருடையது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். மதிப்பூதியத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நம் இலக்கியக் கூட்டங்களின் பழைய நோய். கொடுக்க இயலாது என்றால் அதையும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடலாம். மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு ஆட்டோ காசுக்கு விழிக்க வைப்பதைவிட அது நாகரிகமானது. கோவையிலிருந்து வருபவர் பெரும்பாலும் சென்ட்ரலிலும், மதுரை, நெல்லைப் பக்கமிருந்து வருபவர் எழும்பூரிலும் இறங்குவார். எழும்பூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, அங்கே விம்கோ நகர் செல்லும் ரயிலுக்கு மாறினால் மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் அதே பாதையில் வருகின்றன. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் திறக்கப்பட்ட பிறகு, வட சென்னை தொலைவு என்று விருந்தினர் தட்டிக்கழிக்கக் காரணம் குறைந்திருக்கிறது.

நாள் குறிப்பதில்தான் உள்ளூர் அறிவு மிகவும் தேவைப்படுகிறது. சிறிய அரங்கு கிடைக்காமல் திருமண மண்டபத்தை நாடுவோர், முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வாடகை குறையும் என்று கணக்குப் போடுவார்கள். ஆடியில் ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவதொரு தெருவில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிக்கு முன்னால் எந்த இயக்குநரும் பேச முடியாது. ஆடியில் நடத்துவதானால் சனிக்கிழமையைத் தேர்ந்து, பக்கத்துக் கோயிலில் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டும். மார்கழியில் வேறு சிக்கல்: எழுத்தாளர்கள் நூல் வெளியீட்டிலும், பொங்கலையொட்டி நடக்கும் புத்தகக் காட்சியிலும் மூழ்கியிருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஒரு கனமழைக்கே சுரங்கப்பாதைகளில் நீர் நின்று வியாசர்பாடிக்கும் பெரம்பூருக்கும் போகும் வழி அடைபடும் என்பதை இங்கே வாழ்வோருக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால், மண்ணடியிலும் ராயபுரத்திலும் இருந்து வரக்கூடிய பாதிப் பேரை இழப்போம். அந்த மாதத்தில் காலை பத்தரை மணிக் கூட்டம் நன்றாகவே நடக்கும்.

மீனவக் குடும்பங்களிலிருந்து பார்வையாளர் வர வேண்டும் என்று விரும்புவோர், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாட்களைக் கருதலாம். காசிமேட்டில் மாலைகள் ஓய்வாக இருக்கும் காலம் அது. கையில் காசு இல்லாத காலமும் அதுதான் என்பதால், அப்போது நடத்தும் கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் வைப்பது தகாது. ஞாயிறு அதிகாலை மீன் சந்தை நாள், ஆகவே காலைக் கூட்டம் உதவாது. வெயிலையும் கணக்கில் கொண்டு, மே மாதக் கூட்டத்தை மாலை ஆறரைக்கு முன் தொடங்காமல் இருப்பது நலம்.

அரங்கத்தை நேரில் போய்ப் பார்க்காமல் பேசி முடிக்கக் கூடாது. அதுவும் கூட்டம் நடக்கப்போகும் அதே நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். காலை பதினோரு மணிக்கு அமைதியாக இருக்கும் கூடம், மாலை ஆறரைக்குத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரனால் அதிரக்கூடும். கல்லூரி அரங்கு, பள்ளிக்கூடத்து மேடை, மாநகராட்சிச் சமுதாய நலக்கூடம், தொழிற்சங்கக் கட்டடத்து மாடி என்று இங்கே கிடைப்பவை பெரும்பாலும் நாடகத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. வெறுஞ்சுவரும் மொசைக் தரையும் உள்ள கூடத்தில் பேச்சு எதிரொலித்துச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். கைதட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: தட்டிய ஓசை வால் பிடித்து நீண்டால், பந்தல்காரரிடம் பக்கத் துணி வாங்கிப் பின்சுவரிலும் ஒரு பக்கச் சுவரிலும் கட்டிவிட வேண்டும், தரையில் ஜமக்காளம் விரிப்பதும் உதவும். மேடைக்கு நேர்மேலே உள்ள மின்விசிறியை நிறுத்திவிடச் சொல்ல வேண்டும், அதன் இரைச்சல் முழுவதும் மைக்குக்குள் போகும்.

மைக்செட்காரரிடம் இது கச்சேரி அல்ல, பேச்சு என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பாஸ் பெட்டியும் எக்கோவும் சேர்த்தே கொண்டு வருவார். பேசுபவர் ஒவ்வொருவருக்கும் தனி மைக் வேண்டும். ஒரே மைக்கைக் கைமாற்றிக்கொண்டிருந்தால் உரையாடல் வரிசையாக நடக்கும் உரைகளாகிவிடும். பார்வையாளர் பக்கத்துக்கு இரண்டு கார்டுலெஸ் மைக்கும், அவற்றுக்கு மாற்று பேட்டரியும் தேவை. ஒலிபெருக்கிப் பெட்டிகளை, பேசுபவர்களுக்கு முன்னால், பார்வையாளரைப் பார்த்தபடி வைக்க வேண்டும். பெட்டியின் ஓசை மறுபடி மைக்குக்குள் போவதால்தான் மைக் கூவுகிறது, சத்தத்தைக் கூட்டுவதால் அது தீராது. எண்பது பேர் மட்டுமே கொள்ளும் சிறிய கூடமாக இருந்தாலும் மைக் இன்றிப் பேச வைக்க வேண்டாம். செவித்திறன் குறைந்த முதியவர்கள் முன்வரிசைக்கு வரக் கூச்சப்பட்டுப் பின்னாலேயே அமர்ந்துவிடுவதுண்டு.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை, மூடிய அரங்குகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, ஒலிபெருக்கியே கூடாது. வாசலில் பெட்டி வைக்கும் ஆசையை விட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். கூட்டத்தில் ஒரு காட்சியை நடிக்கவோ வாசிக்கவோ போவதானால் ஆசிரியரின் ஒப்புதலைப் பெற வேண்டும். பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது, ஆகவே 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களுக்கு அந்தத் தடை இல்லை. 1954-ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்று அரங்கப் பொறுப்பாளர் சிலர் இன்னும் சொல்வதுண்டு. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்துவிட்டது என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். சாலையோரத்தில் அனுமதியில்லாத பிளெக்ஸ் வைப்பது சட்டத்துக்குப் புறம்பு. அதைவிட, கிளை நூலகம், தேநீர்க்கடை, கேரம் கிளப், ஆட்டோ நிறுத்தம் ஆகிய இடங்களில் கொடுக்கும் கைந்நோட்டீஸ் அதிகம் பேரை அழைத்து வரும். கேரம் போட்டி நடக்கும் ஞாயிறாக இருந்தால் மட்டும், தேதியை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

கூட்டத்தின் தரம் முழுவதும், மேடையில் கேள்வி கேட்டு உரையாடலை நடத்தும் நெறியாளரைச் சார்ந்தது. புகழ்பெற்றவரையோ நன்றாகப் பேசுபவரையோ நெறியாளர் ஆக்குவது வழக்கம். இரண்டும் தகுதிகள் அல்ல. நாடகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பிரதியைப் படித்திருக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறித்து வைத்திருக்க வேண்டும். "இந்த எண்ணம் உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்ற கேள்விக்கு எல்லாப் படைப்பாளிகளிடமும் தயாரான பதில் ஒன்று இருக்கும், அதை அவர்கள் பல மேடைகளில் சொல்லியிருப்பார்கள். "மூன்றாம் காட்சியில் தாய் பேசும் நீண்ட வசனம் அச்சில் இருக்கிறது, மேடையில் அவள் துணி மடித்துக்கொண்டு நிற்க மட்டும் செய்கிறாள், அந்த வசனம் எந்த ஒத்திகையில் போயிற்று?" என்று கேட்டால், எழுத்தாளர் இயக்குநரைத் திரும்பிப் பார்ப்பார். அங்கேதான் கூட்டம் உண்மையில் தொடங்குகிறது. இருவருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால் நெறியாளர் அவசரப்பட்டுச் சமாதானம் செய்யக் கூடாது. பிரதியில் ஏன் அப்படி இருந்தது என்று ஒருவரிடமும், மேடையில் என்ன இடறியது என்று மற்றவரிடமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

பேச்சுக்கு முன் அந்த நாடகத்தின் ஒரு காட்சியை, பத்து நிமிடத்துக்கு மேற்படாமல், நடித்தோ வாசித்தோ காட்டிவிடுவது மிகவும் பயன்தரும். நாடகத்தைப் பார்க்காதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள்; பேசப்படுவது எதைப் பற்றி என்று அவர்கள் கண்ணால் கண்டுவிட்டால் பிறகு கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கும் வந்துவிடும். அதே காட்சியை இரண்டு விதமாக, எழுதியபடி ஒரு முறையும் இயக்கியபடி ஒரு முறையும், நடிகர்களைச் செய்யச் சொல்ல முடிந்தால் இன்னும் சிறப்பு. இதற்கு ஒளியமைப்போ உடையோ தேவையில்லை.

நாற்காலி விஷயமும் சிறியதல்ல. திருமண மண்டபத்து வரவேற்பு சோபாவில் அமர்ந்தால் உடல் அமிழ்ந்துவிடும், குரலும் சேர்ந்தே அமிழும். கைப்பிடி இல்லாத, ஒரே உயரமுள்ள நாற்காலிகளை, எழுத்தாளரும் இயக்குநரும் ஒருவரையொருவர் பார்க்கும் அளவுக்குச் சற்றுச் சாய்த்துப் போட வேண்டும். நெறியாளர் நடுவில் அமராமல் ஓரத்தில் அமர வேண்டும்.

வட்டாரப் பிரமுகரோ அரங்குக்கு உதவியவரோ வந்தால் என்ன செய்வது என்பது எல்லா அமைப்பாளர்களுக்கும் உள்ள கவலை. முன்வரிசையில் இடம் ஒதுக்கி, தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பெயரைச் சொல்லி நன்றி கூறி, அழைப்பிதழின் பின்பக்கத்தில் பெயரை அச்சிட்டுவிடலாம். "ரெண்டு நிமிஷம் பேசிட்டு இறங்கிடுறேன், தம்பி" என்பவரை மறுப்பது எளிதல்ல. ஆனால் மேடையில் அவருக்கென்று நாற்காலியும் மைக்கும் போடப்படாமல் இருந்தால் அந்த வேண்டுகோள் பெரும்பாலும் எழுவதே இல்லை. பொன்னாடை அவசியம் என்று குழுவில் யாராவது வற்புறுத்தினால், அதைக் கூட்டம் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம்.

பார்வையாளர் கேள்விகளுக்குக் குறைந்தது 35 நிமிடம் ஒதுக்க வேண்டும். மொத்தக் கூட்டமும் ஒன்றரை மணி நேரம் என்றால், காட்சிக்குப் பத்து, மேடை உரையாடலுக்கு நாற்பது, மீதி கேள்விகளுக்கும் அறிவிப்புகளுக்கும் என்று பிரிக்கலாம். ஆறு மணி என்று அச்சிட்டால் ஆறுக்கே தொடங்க வேண்டும். இருபது பேர் இருந்தாலும் தொடங்கிவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு மற்றவர்கள் நேரத்தோடு வருவார்கள். கேள்வி நேரத்தில் மைக்கைத் தன்னார்வலர் தம் கையிலேயே பிடித்திருக்க வேண்டும், கேட்பவரிடம் கொடுத்துவிட்டால் திரும்ப வராது. எழுந்து பேசத் தயங்குவோருக்காகத் துண்டுச்சீட்டும் பென்சிலும் வாசலிலேயே கொடுத்து, இடையில் சேகரித்து, நேர்க்கேள்வி இரண்டுக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் நெறியாளர் படிக்கலாம். முதல் கேள்வியை ஓர் இளைஞரோ ஒரு பெண்ணோ கேட்கும்படி பார்த்துக்கொண்டால், தொடர்ந்து எழும் கைகளும் அப்படியே அமைகின்றன. முதலில் எழுபவர் ஒரு மூத்த சொற்பொழிவாளர் என்றால், கேள்வி நேரம் அவருடைய நினைவுரையாகவே கழியும்.

ஒரு கேள்வி மட்டும் இங்கே கட்டாயம் வரும். வட சென்னை என்றாலே அரிவாளும் கஞ்சாவும் குத்துச்சண்டையும்தானா என்று யாராவது எழுந்து கேட்பார். நாடகத்தில் அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், திரையில் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த கோபத்தோடு கேட்பார். இதை இயக்குநரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். தற்காத்துக்கொள்ளும் பதிலும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். யாரோடு பேசிப் பழகி அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார், எந்தத் தெருவில் ஒத்திகை பார்த்தார், யாரிடம் காட்டித் திருத்தினார் என்ற விவரங்களே போதுமான பதில். அப்படிச் சொல்வதற்கு எதுவும் இல்லை என்றால், அதுவும் பார்வையாளருக்குத் தெரிய வேண்டிய செய்திதான். நெறியாளர் அந்தக் கேள்வியை "நேரமில்லை" என்று தள்ளிவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள், அது நியாயமும்கூட.

பதிவு செய்வதானால் கேமராவை நடுப்பாதையில் வைக்காமல் பின்சுவரோரம் வைத்து, ஒலியை மைக்செட்டின் மிக்சரிலிருந்தே நேராக எடுக்க வேண்டும். கேமராவின் சொந்த மைக்கில் பதிவானதை யாரும் கேட்கமாட்டார்கள். முப்பது விநாடித் துண்டுகளாக வெட்டிப் பரப்பும்போது, கருத்து வேறுபாட்டில் ஒருவர் சொன்ன பாதி வாக்கியம் மட்டும் தனியே சுற்றி வரும் ஆபத்து உண்டு. ஆகவே எந்தத் துண்டு வெளியாகப் போகிறது என்பதைப் பேசியவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே வெளியிட வேண்டும். கேள்வி கேட்டவர்களின் முகம் பதிவாகும் என்பதைக் கூட்டத் தொடக்கத்திலேயே அறிவித்து, வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பக்கத்து வரிசைகளை ஒதுக்கிவிடலாம்.

மதிப்பூதிய உறையை அன்றே, கூட்டத்துக்கு முன்பாகவே, மேடைக்கு வெளியே கொடுத்துவிட வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஒரு வாரத்துக்குள் உதவியவர்கள் அனைவருக்கும் அனுப்பிவிட வேண்டும். பதில் சொல்லப்படாமல் மிஞ்சிய துண்டுச்சீட்டுகளை எழுத்தாளரிடமும் இயக்குநரிடமும் கொடுத்து, அவர்கள் எழுதியனுப்பும் பதில்களை அரங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டு, அடுத்த நாடகத்துக்கான தேதியை அதே நோட்டீஸின் கீழே சேர்த்துவிடலாம்.